சுரங்கக் கிணறு

சுரங்கக் கிணறு என்பது மலைச்சரிவில் கிடைமட்டமாக உள்நோக்கிக் குடையப்பட்டு, நிலத்தடி நீரைத் தானாகவே வெளியே வடியச் செய்யும் மரபு நீர் அமைப்பு ஆகும். வழக்கமான கிணறு மேலிருந்து கீழே தோண்டப்படுவது. அதிலிருந்து நீரை இறைத்துத்தான் எடுக்க வேண்டும். சுரங்கக் கிணறு பக்கவாட்டில் மலைக்குள் செல்வது. அதன் தரை வாயிலை நோக்கிச் சற்றே சாய்ந்திருப்பதால் நீர் தன் எடையாலேயே வெளியே வந்துவிடும். கயிறு, கமலை, ஏற்றம், மின்மோட்டார் எதுவும் தேவையில்லை.

இந்தியாவில் இவை மிகுதியாகக் காணப்படுவது கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்திலும், அதை ஒட்டிய கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டத்திலும் ஆகும். காசர்கோட்டில் பாயாறு, எண்மகஜே, பதியடுக்கை முதலிய ஊர்களிலும், தென்கன்னடத்தில் பண்ட்வால், புத்தூர், சுள்ளியா வட்டங்களிலும் இவை உள்ளன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பல இன்றும் குடிநீரும் பாக்குத் தோட்டங்களுக்கு நீரும் தருகின்றன.

அரக்கோணம், சோளிங்கர், வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் குன்றுகள் இருந்தும் இத்தகைய கிணறுகள் இல்லை. ஆனால் இதே கொள்கையில் இயங்கிய ஊற்றுக்கால்கள் பாலாற்றில் இருந்தன. அங்கே இருப்பது இங்கே ஏன் இல்லை, இங்கே இருந்தது என்ன ஆயிற்று என்ற இரு கேள்விகளுக்கும் விடை பாறையிலும் மணலிலும் இருக்கிறது.

பெயர்

கன்னடத்திலும் துளுவிலும் இதைச் ‘சுரங்க’ என்பர். மலையாளத்தில் ‘துரங்கம்’, ‘சுரங்கம்’ என்ற இரு வடிவங்களும் வழங்குகின்றன. தமிழில் சுரங்கம் என்றதும் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கமோ தொடர்வண்டிப் பாதைக்கு அடியில் செல்லும் சுரங்கப் பாதையோதான் நினைவுக்கு வரும். எனவே ‘சுரங்கக் கிணறு’ என்பது பொருத்தமான பெயர். நிலத்தடியில் மறைவாகச் செல்லும் வழியைக் குறிக்கும் ‘சுருங்கை’ என்ற சொல் சிலப்பதிகாரத்திலேயே உள்ளது. வடமொழியில் உள்ள ‘சுருங்கா’ என்பது குழாய் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து.

நீர் எப்படி வருகிறது

காசர்கோட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அரக்கோணம் பகுதியில் பெய்வது ஆயிரத்தை ஒட்டித்தான். 3,500 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கர் நிலத்தில் விழுந்தால் அதன் அளவு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் லிட்டர். இவ்வளவு மழை பெய்யும் ஊரில் நீருக்காக மலையைக் குடைய வேண்டிய தேவை என்ன என்ற ஐயம் எழுவது இயல்பே.

அங்கே மழையின் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நிலம் சரிவானது, நீர் விரைந்து ஓடிக் கடலில் சேர்கிறது. சனவரிக்குப் பிறகு ஓடைகள் வற்றத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் மலைச்சரிவில் குடியிருப்பவர்களுக்குக் குடிக்கவே நீர் கிடைப்பது கடினம். பள்ளத்தாக்கில் நிலம் உள்ளவர் திறந்த கிணறு தோண்டிக்கொள்ளலாம். மேட்டில் இருப்பவர் அதே நீர்மட்டத்தை எட்ட மிக ஆழமாகத் தோண்ட வேண்டும். தோண்டிய பிறகு ஒவ்வொரு குடத்தையும் அத்தனை ஆழத்திலிருந்து இறைக்க வேண்டும். ஆனால் அதே நீர்மட்டத்தைச் சரிவின் பக்கத்திலிருந்து எட்டினால் நீர் தானாக வெளியே வரும். சுரங்கக் கிணற்றின் அடிப்படை இவ்வளவுதான்.

இதற்கு ஏற்ற பாறையும் அங்கே இருக்கிறது. காசர்கோட்டுக் குன்றுகளின் மேற்பகுதி செம்புரைக்கல். நிலவியலார் இதை லேட்டரைட் என்பர். 1807-இல் வெளியான தம் பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன் இப்பெயரை இட்டார். செங்கல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து இதை அவர் அமைத்தார். மலபாரின் அங்காடிப்புரத்தில் இக்கல்லை மக்கள் கட்டிகளாக வெட்டி வீடு கட்டுவதைக் கண்டே அவர் இப்பெயரைத் தேர்ந்தார். நிலத்துக்குள் இருக்கும்போது கருவியால் வெட்டும் அளவுக்கு மென்மையாகவும், காற்றுப் பட்டதும் இறுகிக் கெட்டியாகவும் ஆவது இதன் தனித்தன்மை. எனவே கையாலேயே குடைய முடிகிறது. குடைந்த பின் கூரை தானாக நிற்கிறது. தூணோ மரச்சட்டமோ பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

செம்புரைக்கல்லில் தேன்கூடு போல எண்ணற்ற சிறு துளைகளும் பொந்துகளும் உண்டு. மழைநீர் இவற்றின் வழியே எளிதாகக் கீழிறங்குகிறது. இதன் அடியில் பல இடங்களில் வழுவழுப்பான களிப்படுகை இருக்கிறது. களி நீரை எளிதில் விடாது. எனவே இறங்கி வந்த நீர் களியின் மேல் தேங்கிச் சரிவின் பக்கமாக மெல்ல நகர்கிறது. கல்லும் களியும் சந்திக்கும் இந்த மட்டத்துக்கு அருகில் சுரங்கம் சென்றால் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் நீர் கசிந்து சொட்டும்.

மாணவர்கள் இதை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு லிட்டர் நெகிழிப் புட்டி ஒன்றின் மேற்பகுதியை வெட்டிவிட வேண்டும். அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்கு ஈரக் களிமண்ணை அழுத்திப் பரப்பி, அதன்மேல் ஆற்று மணலை நிரப்ப வேண்டும். களிமண்ணுக்குச் சற்று மேலே புட்டியின் பக்கத்தில் துளையிட்டு, மை தீர்ந்த பேனாவின் வெற்றுக் குழாயில் ஊசியால் சில துளைகள் இட்டு, மணலுக்குள் நுழையும் முனையில் மெல்லிய துணியைச் சுற்றிச் செருக வேண்டும். குழாயின் வெளிமுனை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். இப்போது மேலே ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றினால் சிறிது நேரம் கழித்துக் குழாயில் சொட்டத் தொடங்கும். ஊற்றுவதை நிறுத்திய பிறகும் சொட்டும். நேரம் செல்லச் செல்லச் சொட்டும் வேகம் குறையும். மணலில் நீர்மட்டம் தாழத் தாழ, நீரைக் குழாய்க்குள் தள்ளும் அழுத்தமும் குறைவதே காரணம்.

சோதனையின் கடைசிப் பகுதியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நீர் குறைந்தால் வரத்தும் குறைகிறது. மின்மோட்டாரை அப்படிச் சொல்ல முடியாது. கடைசித் துளி வரை அது ஒரே வேகத்தில் உறிஞ்சும். சுரங்கக் கிணற்றால் தன் மட்டத்துக்குக் கீழே உள்ள நீரைத் தொடவே முடியாது. கோடையில் வரத்து மெலிவதை ஒரு குறையாகச் சொல்வோர் உண்டு. மலையின் கையிருப்பு காலியாகாமல் இருப்பதும் அதனால்தான்.

வெட்டும் முறை

சுரங்கத்தின் அகலம் 45 முதல் 70 சென்டிமீட்டர் வரை, உயரம் 1.8 முதல் 2 மீட்டர் வரை. ஓர் ஆள் நுழைந்து குந்தாலியை வீச எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவே. அகலத்தைக் கூட்டினால் அகற்ற வேண்டிய மண் பெருகும், கூரை சரியும் ஆபத்தும் கூடும். நீளம் 3 மீட்டரிலிருந்து 300 மீட்டர் வரை வேறுபடும்.

இடம் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. ஈரத்தை விரும்பும் மரஞ்செடிகள், கோடையிலும் பசுமை மாறாத புதர்கள், கரையான் புற்றுகள், சரிவில் தென்படும் கசிவு ஆகியவற்றை அனுபவம் உள்ளவர்கள் அடையாளமாகக் கொள்கிறார்கள். மரங்களையும் புற்றுகளையும் கொண்டு நிலத்தடி நீரை அறிவது பழைய முறைதான். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் ‘பிருகத் சம்கிதை’யில் இதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. நம் ஊர்களில் தேங்காயையோ வேப்பங்குச்சியையோ கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பதுண்டு. அதைவிடச் செடியையும் மண்ணையும் பார்ப்பது அறிவுக்குப் பொருந்துவது. ஆனாலும் தவறுவதுண்டு. பல மாதம் வெட்டியும் நீர் காணாமல் கைவிடப்பட்ட சுரங்கங்கள் அப்பகுதியில் பல.

வெட்டுவது மழை ஓய்ந்த மாதங்களில். மழைக்காலத்தில் மண் ஊறிச் சரியக்கூடும் என்பது ஒரு காரணம். கோடையில் ஈரம் கண்டால்தான் அது ஆண்டு முழுதும் நிற்கும் நீர் என்று நம்பலாம் என்பது மற்றொன்று.

பெரும்பாலும் இருவராக வேலை செய்வர். முன்னால் ஒருவர் குந்தாலியால் வெட்ட, பின்னால் மற்றவர் மண்ணைக் கூடையில் அள்ளி வெளியே கொண்டுவந்து கொட்டுவார். சில மீட்டர் உள்ளே சென்றதும் வெளிச்சம் போய்விடும். வாயிலில் கண்ணாடி வைத்துச் சூரிய ஒளியை உள்ளே திருப்பிவிடும் வழக்கம் இருந்தது. அதற்கும் மேல் மெழுகுவத்தி அல்லது மண்ணெண்ணெய் விளக்கு. மெழுகுவத்திக்கு இரண்டு வேலைகள்: ஒளி தருவது ஒன்று, உயிர்க்காற்று இருக்கிறதா என்று காட்டுவது மற்றொன்று. சுடர் மங்கினால் குந்தாலியை அங்கேயே போட்டுவிட்டு வெளியேறிவிட வேண்டும். பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் நம் ஊர் வழக்கத்துக்கும் காரணம் இதுவே.

நீளமான சுரங்கங்களில் 50, 60 மீட்டருக்கு ஒன்றாக மேலிருந்து செங்குத்தான காற்றுக்குழிகள் இடுவர். மண் சரிவு, மூச்சுத்திணறல், பாம்பு என ஆபத்துகள் பல. களிப்படுகைக்குள் நுழைந்துவிட்டால் ஆபத்து மிகுதி. களி தானாக நிற்காது. எந்த மண் நிற்கும், எது இடியும் என்பதைக் குந்தாலி படும் ஓசையிலும் கையில் அள்ளும் மண்ணின் ஈரத்திலும் அறிபவரே நல்ல வெட்டுநர். இந்த அறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. தந்தையிடமிருந்தும் உடன் வேலை செய்த மூத்தவரிடமிருந்தும் வந்தது.

நீர் தொட்டிக்கு வருதல்

உள்ளே சொட்டும் நீர் தரையில் சிறு வாய்க்காலாக ஓடி வாயிலை அடைகிறது. வாயிலுக்குச் சற்று உள்ளே களிமண்ணால் சிறு அணை கட்டி, அதில் ஒரு குழாயைச் செருகி வைப்பர். முற்காலத்தில் துளைத்த பாக்குமரமோ மூங்கிலோ குழாயாயிற்று. இப்போது நெகிழிக் குழாய். அது வெளியே உள்ள தொட்டிக்கோ சிறு குளத்துக்கோ நீரைக் கொண்டு சேர்க்கும். சில வீடுகளில் சமையலறை வரைக்கும் குழாய் செல்கிறது.

வரத்து பார்வைக்கு அற்பமாகத் தோன்றும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வருவதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். ஆக 1,440 லிட்டர். ஒரு குடும்பத்துக்கும் சில மாடுகளுக்கும் இது போதும். மீதம் தோட்டத்துக்குப் போகும். நிமிடத்துக்கு 100 லிட்டர் இறைக்கும் மோட்டார் இதே அளவைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் சுரங்கம் இரவிலும் உறங்குவதில்லை. எனவே சுரங்கத்தைப் போலவே தொட்டியும் முக்கியம். இரவில் வரும் நீரைப் பிடித்துவைக்கத் தொட்டி இல்லாவிட்டால் பாதி வீணாகும்.

பெரும்பாலான சுரங்கங்கள் தனிக் குடும்பங்களுக்கு உரியவை. ஒரே குடும்பத்துக்கு இரண்டு, மூன்று சுரங்கங்கள் இருப்பதும் உண்டு. மழைக்காலத்தில் வண்டல் சேர்வதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது உள்ளே சென்று வாரிக் கொட்ட வேண்டும்.

கனாத்தும் சுரங்கமும்

நிலத்தடியில் கிடைமட்டமாகக் குடைந்து நீர் கொண்டுவரும் முறைக்குப் பெயர் பெற்ற நாடு ஈரான். அங்கே இதற்குக் கனாத் என்று பெயர். மலையடிவாரத்தில் ‘தாய்க் கிணறு’ ஒன்று தோண்டி, அதன் அடியிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் வரை மென்சரிவான சுரங்கம் அமைப்பர். வழிநெடுகக் காற்றுக்குழிகள் இருக்கும். பாரசீகக் கனாத்துகள் 2016-இலும், ஓமானில் அஃப்லாஜ் எனப்படும் இவ்வகை வாய்க்கால்கள் 2006-இலும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின.

இந்தியாவிலும் கனாத்துகள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரில் 1615-இல் முகலாயப் படைத்தலைவர் அப்துர் ரகீம் கான்-இ-கானான் காலத்தில் அமைக்கப்பட்ட ‘குண்டி பண்டாரா’ இன்றும் காணக் கிடைக்கிறது. சாத்பூரா மலையடிவாரத்து நீரைச் சேர்த்துக் கொண்டுவரும் இதில் நூற்றுக்கும் மேற்பட்ட காற்றுக்குழிகள் உள்ளன. கர்நாடகத்தின் பீதரில் பாமினி சுல்தான்கள் காலத்துக் கனாத்தும் உண்டு.

காசர்கோட்டுச் சுரங்கத்தையும் கனாத் என்றே எழுதிவிடுவோர் பலர். அது சரியன்று. கனாத் வறண்ட நிலத்துக்குரியது, நீளமானது, அரசோ ஊரோ சேர்ந்து கட்டியது, பங்கு வைத்துப் பயன்படுத்துவது. சுரங்கக் கிணறு மழை மிகுந்த நிலத்தில், ஒரு குடும்பத்துக்காக, ஓரிருவர் கையால் வெட்டுவது. அதற்குத் தாய்க் கிணறும் கிடையாது. மேலைக் கடற்கரைக்கு வந்த அரபு, பாரசீக வணிகர்கள் வழியாக இந்த அறிவு வந்தது என்பது ஒரு கருத்து. மலையில் இயற்கையாகவே கசிந்த ஊற்றுக்கண்ணைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி உள்ளூர் மக்களே கண்டுபிடித்தது என்பது மற்றொரு கருத்து. செம்புரைக் குன்றுகளின் அடியில் நீர் அரித்த இயற்கைக் குழாய்ப் பொந்துகள் இருப்பதை நோக்கினால் இரண்டாவது கருத்துக்கு வலு மிகுதி.

அமை மகாலிங்க நாயக்

தென்கன்னடத்தின் அட்யநடுக்கைக்கு அருகே கேப்பு என்னும் ஊரைச் சேர்ந்தவர் அமை மகாலிங்க நாயக். பாக்கு மரமும் தென்னை மரமும் ஏறும் கூலித் தொழிலாளி. நிலவுடைமையாளர் ஒருவர் அவருக்கு மலைச்சரிவில் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் தரிசு நிலம் கொடுத்தார். அங்கே நீர் இல்லை. கிணறு வெட்ட ஆள் வைக்கப் பணமும் இல்லை. பகலில் கூலி வேலை முடித்துவந்து மாலையிலும் இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் தனியாளாகச் சுரங்கம் வெட்டினார்.

ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிய சுரங்கங்கள் வறண்டே கிடந்தன. ஆண்டுகள் கழிந்தன. ஊரார் கேலி செய்தும் அவர் விடவில்லை. கடைசியில் நீர் கண்டார். அந்த நீரைத் தொட்டியில் சேர்த்து, சரிவில் கல் அடுக்கிப் படிப்படியாக நிலம் திருத்தி, பாக்கும் தென்னையும் வாழையும் மிளகும் வளர்த்தார். 2022-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இச்செய்தியை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிகளில் சொல்கிறார்கள். வேறொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். பள்ளத்தாக்கின் நல்ல நிலம் வசதியுள்ளவர் கையில் இருக்க, வசதியில்லாதவருக்கு வந்து சேர்ந்தது மேட்டு நிலம். அந்த நிலத்தை நிலமாக்கியது பணம் கேட்காமல் உழைப்பை மட்டும் கேட்ட இந்தக் கிணறுதான்.

வேலூர்ப் பகுதியில் ஏன் இல்லை

சோளிங்கர் மலையும் வேலூரைச் சூழ்ந்த குன்றுகளும் கடினப் பாறைகளால் ஆனவை. இவற்றில் செம்புரைக்கல்லைப் போலத் துளைகள் இல்லை. பாறையின் விரிசல்களிலும் மேலே சிதைந்த மண்ணிலும் மட்டுமே நீர் நிற்கும். குந்தாலியால் இதைக் குடைய முடியாது. வெடி வைத்துக் குடைந்தாலும் விரிசல் அகப்படாவிட்டால் ஒரு சொட்டும் வராது. மலைமேல் ஆங்காங்கே காணப்படும் சுனைகள் அத்தகைய விரிசல்களும் பாறைக் குழிகளும் தருபவையே.

ஆனாலும் பக்கவாட்டில் நீர் தேடும் எண்ணம் இங்கும் உண்டு. பாறைக் கிணறு வற்றும்போது அதன் அடிப்பகுதியில் கருவியை இறக்கி, சுவரில் கிடைமட்டமாகத் துளையிடுவார்கள். உழவர்கள் இதை ‘சைடு போர்’ என்கிறார்கள். விரிசல் ஒன்றைத் தொட்டால் கிணற்றுக்குள் நீர் பீறிடும். இது சுரங்கக் கிணற்றின் ஒன்றுவிட்ட தம்பி எனலாம். ஆனால் வந்த நீரை மேலே ஏற்ற மோட்டார் வேண்டும்.

சுரங்கக் கிணற்றுக்கு இன்னும் நெருங்கிய உறவு பாலாற்றின் ஊற்றுக்கால். நந்தி மலைப் பகுதியில் தோன்றி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாசாப்பேட்டை வழியாக ஓடி, அரக்கோணத்துக்குத் தெற்கே காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மேலே நீர் ஓடாது. ஆனால் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டே இருந்தது. ஊர் மக்கள் ஆற்றுமணலில் நீண்ட பள்ளமான கால் ஒன்றை வெட்டுவர். ஆற்றின் சரிவைவிடக் காலின் சரிவு குறைவாக இருக்கும்படி வெட்டினால், மேற்பக்கம் மணலுக்குள் ஆழத்தில் இருக்கும் நீர் கீழ்ப்பக்கம் போகப் போகக் கரை மட்டத்துக்கு வந்துவிடும். இருபுறமும் மணலிலிருந்து கசியும் நீர் காலில் சேர்ந்து ஏரிக்கோ வயலுக்கோ ஓடும். மலைக்குள் மூடிய சுரங்கம் செய்வதை இங்கே மணலில் திறந்த கால் செய்தது.

வெள்ளம் வந்தால் கால் தூர்ந்துவிடும். எனவே ஒவ்வோர் ஆண்டும் ஊர் கூடித் தூர்வார வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். தனிக் குடும்பத்தால் முடியாத வேலை என்பதால் ஊர்க்கட்டுப்பாடு அவசியமாயிற்று. இப்பகுதி முழுவதும் நீரை ஊராகச் சேர்ந்து காத்த பகுதிதான். அரக்கோணத்துக்கு அண்மையில் மகேந்திரவாடியில் பல்லவன் மகேந்திரவர்மன் குடைவித்த திருமால் கோயிலின் கல்வெட்டு, அவன் பெயரால் அமைந்த ஏரியையும் குறிப்பிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வாலாசாப்பேட்டை அருகே பாலாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டு, காவேரிப்பாக்கம் ஏரி முதலியவற்றுக்கு ஆற்றுநீரைத் திருப்பியது. ஆற்றில் வெள்ளம் உள்ள நாளில் ஏரிகள் நிரம்பும். வெள்ளம் இல்லாத நாளில் ஊற்றுக்கால் கைகொடுக்கும்.

மணல் அள்ளப்பட்டதும் ஊற்றுக்கால் முடிந்துபோயிற்று. மணல்தான் அதன் மலை. பல அடி மணல் போன பிறகு நீர் நிற்க இடமில்லை. கரையோரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி எஞ்சிய நீர்மட்டத்தையும் தாழ்த்தின.

மேலே விழுவது உள்ளே சொட்டும்

சுரங்கக் கிணற்றின் நீர் தெளிவானது, குளிர்ச்சியானது. கொதிக்க வைக்காமலே குடிப்பவர் பலர். பல மீட்டர் மண்ணும் கல்லும் வடிகட்டி அனுப்புவதால் கலங்கலும் கிருமியும் பெரிதும் குறைகின்றன. ஆனால் நீரில் கரைந்த வேதிப்பொருளை மலை முழுமையாக வடிகட்டாது.

காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்கள் குன்றுகளின் மேல் உள்ளவை. 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அவற்றின்மீது வான்வழியாக எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டது. குன்றின் சரிவிலும் அடியிலும் வீடுகளும் ஓடைகளும் சுரங்கங்களும் இருந்தன. எண்மகஜே ஊராட்சியில் உள்ள பத்ரெ ஊரில் நரம்புக் கோளாறுகளும் பிறவிக் குறைபாடுகளும் மிகுதியாக இருப்பதை உள்ளூர் மருத்துவர் ஒருவர் கவனித்து எழுதினார். 2001-இல் தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அவ்வூரின் நீர், மண், மனித இரத்தம் முதலியவற்றைச் சோதித்து, அவற்றில் எண்டோசல்பான் இருப்பதைக் கண்டது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது.

பாலாற்றுக்கும் இதுவே நேர்ந்தது. அங்கே பூச்சிக்கொல்லி, இங்கே தோல் கழிவு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டது. மணல் எதையும் எளிதில் உள்ளே விடும். நல்ல நீரை விட்டதுபோலவே கழிவையும் விட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்புகளுள் இது தலையானது. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் இதைப் படிக்கிறார்கள். ஆற்றோரக் கிணறுகளின் உப்பு அதனால் நீங்கிவிடவில்லை.

ஆழ்துளைக் கிணறுகளுக்குப் பின்

காசர்கோட்டிலும் தென்கன்னடத்திலும் மின்சாரமும் துளையிடும் வண்டியும் வந்த பிறகு சுரங்கம் வெட்டுவது குறைந்தது. ஓரிரு நாளில் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கும் கருவிக்கு முன்னால் மாதக்கணக்கில் குந்தாலி பிடிக்க யாரும் விரும்புவதில்லை. பாக்குக்கு நல்ல விலை கிடைத்தபோது தோட்டங்களும் பெருகின. சுரங்கத்தின் வரத்து அவற்றுக்குப் போதவில்லை என்பதையும் மறுக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒரே மலையில் சேர்ந்து வாழ்வது கடினம். மேட்டில் ஒருவர் ஆழ்துளைக் கிணறு இட்டு நீர்மட்டத்தைத் தாழ்த்தினால், கீழே உள்ளவரின் சுரங்கம் மட்டத்துக்கு மேலே நின்றுவிடும். முன்பு மே மாதம் வரை வந்த நீர் பிப்ரவரியிலேயே நின்றுபோகும். அவர் கேட்கவும் வழியில்லை. தன் நிலத்தின் அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ள நிலவுடைமையாளருக்கு உரிமை உண்டு என்பது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் காட்டும் நிலை. அச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில் ஒருவரால் எடுக்கக்கூடிய நீர், ஒரு ஏற்றமோ கமலையோ இறைக்கும் அளவுதான். கேரளம் 2002-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2003-இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-இல் திரும்பப் பெறப்பட்டது.

கைவிடப்பட்ட சுரங்கங்களில் வௌவாலும் முள்ளம்பன்றியும் குடியேறுகின்றன. வாயிலில் மண் சரிந்து மூடிக்கொள்கிறது. ஆயினும் பழைய சுரங்கத்தை மீட்பது புதிதாக வெட்டுவதைவிட எளிது. மழை முடிந்து ஓரிரு மாதம் கழித்து, வாயிலின் மண்ணை அகற்றி, காற்று உள்ளே போகச் சில நாள் விட்டுவைப்பார்கள். பிறகு நீண்ட கழியின் நுனியில் மெழுகுவத்தியைக் கட்டி முன்னே நீட்டிக்கொண்டு ஒருவர் நுழைவார். மற்றவர் வாயிலிலேயே நிற்பார். சுடர் அசையாமல் எரிந்தால் வண்டலை வாரத் தொடங்குவார்கள். மலையின் மேல் புதிய ஆழ்துளைக் கிணறு எதுவும் இல்லாத இடங்களில், வண்டல் போனதும் நீர் மறுபடி வருவதுண்டு.